எந்த ஊர்த் திருமேனி?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று உங்கள்முன் நான் எடுத்துரைக்க வந்தது ஒரு களவைப் பற்றிய செய்தி. களவு என்றவுடன் யார் களவாடினார் என்று கேட்பதே உலகியல்பு. ஆனால் யார் களவாடினார் என்பதைக் காட்டிலும், களவு போனபின் யார் கேட்டார் என்பதே என் உரையின் உயிர்நிலையாகும். கேட்பார் இல்லாத பொருளே கள்வனுக்கு முழு உடைமையாகிறது. கேட்பவர் ஒருவர் இருக்கும் வரையில், அது எத்தனைக் கடல் கடந்து போனாலும், எத்தனைக் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்தாலும், களவுப் பொருளாகவே இருந்து கொண்டிருக்கும்.

குடந்தையை அடுத்துத் தண்டந்தோட்டம் என்னும் சிற்றூர் உள்ளது. பல்லவ வேந்தன் நந்திவர்மன் காலத்துச் செப்பேட்டில் பெயர் பொறிக்கப்பெற்ற பழமை வாய்ந்தது அவ்வூர். அங்குள்ள நடனபுரீசுவரர் கோயிலில் 1971ஆம் ஆண்டு மே திங்களில் கள்வர் புகுந்து செப்புத் திருமேனிகளைக் கவர்ந்து சென்றனர். அவற்றுள் ஒன்று உமையம்மையின் திருமேனி. 12ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பெற்றது. ஏறத்தாழ 52 செ.மீ. உயரம் உடையது. களவு நடந்தவுடன் காவல் நிலையத்தில் முறையீடும் தரப்பெற்றது. அதன்பின் நடந்தது என்ன? ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டுகள்தாம் நடந்தன.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்! அன்று கோயில் மண்டபத்தில் ஓடி விளையாடிய சிறுவர் இன்று பேரன் பேர்த்தி கண்டிருப்பர். அன்று முறையீட்டைப் பெற்றுக்கொண்ட காவலர் என்றோ ஓய்வு பெற்றிருப்பார். இத்துணை நெடுங்காலம் கழித்து, 2019ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், தனியொருவர் மீண்டும் ஒரு முறையீட்டை எழுதிக்கொண்டு போனார். எங்கள் கோயில் திருமேனிகள் எங்கே என்று கேட்டார். அவர் அமைச்சரல்லர், கலைவல்லுநர் என்று பட்டம் பெற்றவருமல்லர். அவர் பெயரை நான் இங்குக் கூறாமைக்குக் கரணியம், அவரைப் போல ஊர்தோறும் ஒருவர் எழவேண்டும் என்னும் விழைவே. அந்த முறையீட்டின்பேரில் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்கொன்றைப் பதிவு செய்தது.

அதன்பின் நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குக. புதுவையில் 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்றுண்டு. அந்நிறுவனத்தார் பல்லாண்டுகளாகத் தமிழகக் கோயில்கள்தோறும் சென்று, அங்கிருந்த கல்லுருவங்களையும் செப்புத் திருமேனிகளையும் ஒளிப்படம் எடுத்து, ஊர்ப்பெயருடன் அடுக்கி வைத்துள்ளனர். ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அங்குள்ளன. தண்டந்தோட்டத்து உமையம்மையின் ஒளிப்படமும் அவற்றுள் இருந்தது. காவல்துறையினர் அதன் படியைப் பெற்று, உலகெங்கும் உள்ள அருங்காட்சியகங்கள், ஏல நிறுவனங்கள் ஆகியவற்றின் பட்டியல்களோடு ஒப்பிட்டுத் தேடினர். 2022ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் விடை கிடைத்தது. நியூயார்க்கு நகரில் போனாம்சு என்னும் ஏல நிறுவனத்தின் பட்டியலில் அவ்வுமையம்மை நின்றுகொண்டிருந்தாள்! மதிப்பு 2,12,575 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 1 கோடியே 68 இலக்கம் உருவா.

ஒருவர் எழுதிய ஒரு தாள். அயலார் எடுத்து வைத்த ஓர் ஒளிப்படம். இவ்விரண்டும் சேர்ந்தபோது ஐம்பத்தோராண்டுக் கால இருள் ஓரளவு விலகிற்று. முழுதும் விலகிற்றா? இல்லை. கோயிற் பூட்டை உடைத்த கை எது? ஊரெல்லை கடத்திய வண்டி எது? எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெயரில் கப்பலேறியது? இடையில் எத்தனைக் கைகள் மாறின? இவற்றுக்கெல்லாம் அம்முறையீட்டின் விடை இன்னும் வரவில்லை. பொருள் இருக்குமிடம் தெரிந்துவிட்டதால் களவு தீர்ந்துவிட்டது என்று எண்ணுதல் கூடாது. பொருளும் வேண்டும், அது போன வழியும் தெரிய வேண்டும். ஏனெனில் அந்த வழியிலேதான் மற்ற திருமேனிகளும் போயிருக்கின்றன.

தோழர்களே! சிலைக் கள்வன் முதலில் களவாடுவது எதை என்று எண்ணிப் பாருங்கள். திருமேனியை அவன் எடுத்துச் செல்வது ஓரிரவில். ஆனால் அதனை விற்க வேண்டுமாயின், அதன் ஊர்ப்பெயரை அவன் அழித்தாக வேண்டும். தண்டந்தோட்டத்து உமை என்று எழுதினால் யார் வாங்குவார்? ஆகலின் ‘தென்னிந்தியா, சோழர் காலம்’ என்று எழுதுவான். தென்னிந்தியா என்பது ஓர் ஊரா? அங்கே எந்தத் தெருவில் அவளுக்குத் தேர் ஓடியது? எந்தக் குளத்தில் அவளுக்கு நீராட்டு நடந்தது? ஊரற்ற பொருளாக ஆக்கப்பட்ட பின்னரே அவள் விலைப்பொருளாகிறாள். எனவே அவளை மீட்கும் வினா ஒன்றே ஒன்றுதான்: “இது எந்த ஊர்த் திருமேனி?” மீண்டு வந்த திருமேனிகளின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். உருவத்தையும் ஊரையும் யாரோ ஒருவர் மீண்டும் இணைத்துக் காட்டியபோதுதான் அவை மீண்டிருக்கின்றன. மூன்று எடுத்துக்காட்டுகள் தருகின்றேன்.

முதலாவது, சிவபுரத்து ஆடவல்லான். குடந்தைக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டு மண்ணிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகளுள் அதுவும் ஒன்று. பழுது நீக்குவதற்கென்று கொடுக்கப்பட்ட இடத்திலேயே அதனைப் போன்ற படி ஒன்று வார்க்கப்பட்டது. படி கோயிலுக்குப் போயிற்று. மூலம் வணிகர் கைக்குப் போயிற்று. மக்கள் பல்லாண்டு வழிபட்டது அந்தப் படியையே! இதனை வெளிப்படுத்தியவர் யார்? நம் அலுவலரா? இல்லை. இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தக்ளசு பாரெட்டு என்னும் அறிஞர், சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965இல் எழுதிய நூலில், கோயிலில் இருப்பது போலி என்றும், மூலம் மும்பையில் ஒருவரது தொகுப்பில் உள்ளது என்றும் குறித்தார். அதன் பின்னரும் அத்திருமேனி அமெரிக்காவுக்குப் போயிற்று. 9 இலக்கம் டாலர் விலையில் நார்ட்டன் சைமன் என்னும் செல்வர்க்குரிய அறக்கட்டளை அதனை வாங்கியது. 1974இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டு அங்கே வைத்திருந்து, 1986இல்தான் திருப்பித் தந்தனர். 1965இல் எழுதப்பட்ட அந்தச் சிறு குறிப்பை அன்றே நம்மவருள் ஒருவர் படித்து, ‘இது மெய்யா?’ என்று தெருவில் நின்று கேட்டிருப்பாராயின், அது கடல் கடந்திருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, பத்தூர் ஆடவல்லான். திருவாரூர்ப் பகுதியிலுள்ள பத்தூரில் இடிந்து பாழான சிவன் கோயில் ஒன்றன் அருகே, 1976இல் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர்க்கு அது கிடைத்தது. கைமாறிக் கைமாறி இலண்டனுக்குச் சென்றது. 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. இலண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்குமன்றத்தில் எழுந்த வினா வியப்புக்குரியது. பாழடைந்த கோயில் ஒன்று, வழிபாடே நின்றுபோன கோயில் ஒன்று, தன் பொருளைக் கேட்டு வழக்காட முடியுமா? முடியும் என்று 1988இல் இலண்டன் உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. திருமேனி தமிழகம் திரும்பியது. கல்லும் மண்ணுமாய்க் கிடந்த கோயிலுக்குக் கேட்கும் உரிமை உண்டென்று வெள்ளையர் நாட்டு வழக்குமன்றம் ஒப்புக்கொண்டது. உயிரும் உணர்வும் உள்ள ஊரார் நாம் வாய்மூடி இருக்கலாமா?

மூன்றாவது, அரியலூர் மாவட்டத்துச் சிரீபுரந்தான் கோயில் ஆடவல்லான். வழிபாடு நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலில் 2006ஆம் ஆண்டளவில் கள்வர் புகுந்தனர். களவு நடந்ததே ஊரார்க்குத் தெரியாது. 2008இல் திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்ல அலுவலர் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே வெறுமை இருந்தது. அதே 2008ஆம் ஆண்டில் ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 இலக்கம் அமெரிக்க டாலர் கொடுத்து அத்திருமேனியை வாங்கியிருந்தது. விற்றவர் நியூயார்க்கு நகரப் பழம்பொருள் வணிகர் சுபாசு கபூர். அவர் காட்டிய ஆவணம் என்ன சொல்லிற்று தெரியுமா? 1970ஆம் ஆண்டே தில்லியில் அயல்நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் அதனை வாங்கிச் சென்றார் என்று சொல்லிற்று!

ஏன் 1970 என்று எழுதினர்? அதில்தான் சூழ்ச்சி உள்ளது. பண்பாட்டுப் பொருள்களைக் கடத்துவதற்கு எதிரான உலக உடன்படிக்கை உருவான ஆண்டு 1970. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அவற்றுக்கு முன்பே வெளியேறியது என்று காட்டிவிட்டால் கேள்வி எழாது என்பது வணிகர் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது எது? அதே புதுவை நிறுவனத்தின் ஒளிப்படம். 1994இல் அந்த ஆடவல்லான் சிரீபுரந்தான் கோயிலுக்குள் நின்றதை அது காட்டிற்று. 1970இலேயே நாட்டைவிட்டுப் போன திருமேனி 1994இல் கோயிலுக்குள் எப்படி நிற்கும்? கலைக்கூடத்தின் படத்தையும் கோயிற்படத்தையும் அருகருகே வைத்து உலகறியக் கேட்டவர்கள் அரசு அலுவலர் அல்லர், தனிப்பட்ட ஆர்வலர்களே. சிங்கப்பூரில் கப்பல் தொழிலில் பணியாற்றிவந்த எசு. விசயகுமார் என்னும் தமிழர் அவர்களுள் குறிக்கத்தக்கவர். பகலில் தம் தொழில், இரவில் ஒளிப்பட ஒப்பீடு என்று உழைத்த அவரும் அவர்தம் நண்பர்களும் விடாது கேட்டனர். 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆத்திரேலியத் தலைமை அமைச்சர் தில்லிக்கு வந்து அந்த ஆடவல்லானைத் திருப்பித் தந்தார். முதுகுன்றத்துக் கோயிலுக்குரிய மாதொருபாகன் கற்றிருமேனியும் அவனோடு வந்தது. செருமனியில் 2011இல் பிடிபட்டு 2012இல் தமிழகம் கொணரப்பட்ட அந்த வணிகர்க்கு, அரியலூர்ப் பகுதிக் கோயிற் களவு வழக்கொன்றில், 2022இல் குடந்தை வழக்குமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது.

ஓர் ஒளிப்படம் இத்துணை வலிமையுடையதாய் இருப்பது எப்படி என்று சிலர் ஐயுறலாம். ஒரே போல இரண்டு திருமேனிகள் இருக்கக் கூடாதா என்று வினவலாம். இங்கேதான் நம் முன்னோரின் தொழில்நுட்பமே நமக்குச் சான்றாக வந்து நிற்கிறது. செப்புத் திருமேனியை முதலில் மெழுகில் செய்வர். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைப்பர். சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். அந்த வெற்றிடத்தில் உருகிய செம்பை வார்ப்பர். ஆறியபின் மண்கூட்டை உடைத்தெறிவர். மெழுகும் போயிற்று, கூடும் போயிற்று. ஆகவே ஒவ்வொரு திருமேனியும் உலகில் ஒன்றே ஒன்று. விரல் மடிப்பில் ஒரு சாய்வு, திருவாசியில் ஒடிந்த ஒரு சுடர், பீடத்தில் ஒரு வெடிப்பு, நூற்றாண்டு வழிபாட்டில் தேய்ந்த முகம் ஆகிய இவை மாந்தர்க்குக் கைரேகை போன்றவை. இவற்றை எந்த வணிகனாலும் மாற்றியெழுத முடியாது.

இனி, நம்மவரிடையே எழும் இரண்டு மறுப்புகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

‘கோயில் வழிபாட்டில் நம்பிக்கையில்லாத எனக்கு இதில் என்ன?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்கட்கு நான் கூறுவது இது. நீங்கள் கும்பிட வேண்டா. ஆனால் மெழுகையும் மண்ணையும் செம்பையும் கொண்டு அசைவையே நிறுத்திக் காட்டிய தமிழ்க் கம்மியனின் கை உங்கட்கும் பாட்டன் கைதானே? வரி கொடுத்த உழவனும், விளக்கெரிக்க ஆடு கொடுத்த இடையனும், பொன் கொடுத்த மகளிரும் சேர்ந்து ஆக்கிய ஊர்ப் பொதுவுடைமை அது. பொதுவுடைமை களவு போனால் கேட்பதற்குப் பத்திமை தேவையில்லை, குடியுரிமை போதும்.

‘இங்கிருந்தால் பூட்டிக் கிடக்கும், அங்கிருந்தால் உலகமே பார்க்கும்’ என்று கூறுவோரும் உண்டு. இக்கூற்றில் நம்மைச் சுடும் ஒரு மெய்ம்மை இருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மீட்கப்பட்ட திருமேனிகள் பல, ஊர்க்கோயிலில் காவல் இல்லாமையால், பாதுகாப்பு மையங்களின் இருட்டறைகளில் அடைபட்டுள்ளன. வெளிநாட்டுச் சிறையிலிருந்து உள்நாட்டுச் சிறைக்கு வருவது மீட்சியாகாது. ஆயினும் அக்குறைக்கு மருந்து களவை ஒப்புக்கொள்வதன்று. கோயிலுக்குக் காவல் கேட்பதே மருந்து. வீட்டுக்காரன் ஏழை என்பதற்காக அவன் பொருளைத் திருடியவன் வள்ளலாகிவிட முடியாது.

இவற்றினும் கொடியது ஒன்றுள்ளது. சிலைக் களவு வழக்குகள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றின் கோப்புகளே காவல் நிலையங்களிலிருந்து காணாமற் போயின என்று வழக்கறிஞர் யானை இராசேந்திரன் தொடுத்த வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்றது. திருமேனி போயிற்று, அது போன கதையை எழுதிய தாளும் போயிற்று என்றால், எதைக் கொண்டு தேடுவது? ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்னும் இரண்டு சொற்களோடு வழக்கை மூடுவது எளிது. தாளும் இல்லையென்றால் மூடவேண்டிய தேவை கூட இல்லை. தண்டந்தோட்டத்தில் 2019இல் ஒருவர் மீண்டும் எழுதிக் கொடுத்தாரே, அது ஏன் இன்றியமையாதது என்பது இப்போது விளங்கும்.

ஆதலின் நாம் செய்யத் தக்கது யாது? முழக்கமிடுவதோடு கலைந்து போகும் கூட்டமாக இது அமைதல் கூடாது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகட்கு முன் இராசராசன் காலத்தில், கோயிலுக்கு அளிக்கப்பெற்ற ஒவ்வொரு செப்புத் திருமேனியின் உயரமும் முழக்கணக்கிலும் விரற்கணக்கிலும் அளக்கப்பட்டு, கைகள் எத்தனை, பீடம் எவ்வளவு, கொடுத்தவர் யார் என்றெல்லாம் கல்லில் வெட்டப்பெற்றன. அன்று கல்லில் செய்ததை இன்று நம்மால் தாளில் செய்ய இயலாதா?

உங்கள் ஊர்க் கோயிலுக்குச் செல்லுங்கள். ஊர்ப் பெரியவரையும் பூசகரையும் உடன்வைத்து, முறையான இசைவு பெற்று, ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கமும் ஒளிப்படம் எடுங்கள். உயரத்தை அளந்து எழுதுங்கள். ஒடிவு, வெடிப்பு, எழுத்துப் பொறிப்பு ஆகியவற்றைக் குறியுங்கள். நாளிட்டுக் கையெழுத்திட்டு மூன்று இடங்களில் வையுங்கள். பழைய திருவிழா அழைப்பிதழ்களிலும், வீட்டு மணப் படங்களிலும் உங்கள் ஊர்த் திருமேனி தென்படுமாயின் அவற்றைப் போற்றி வையுங்கள். அவை நாளை வழக்குமன்றத்தில் பேசும்.

முன்பே களவு போயிருப்பின், ‘அது பழங்கதை’ என்று விட்டுவிடாதீர்கள். முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டமைக்குச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து உருவா கட்டணத்தில், எங்கள் ஊர் வழக்கு எந்நிலையில் உள்ளது என்று கேளுங்கள். முப்பது நாளில் விடை தருவது அவர்கள் கடமை. விடை வாராவிடில் மேல்முறையீடு செய்யுங்கள். கோப்பு இல்லை என்றால், ‘இல்லை என்பதை எழுத்தில் தருக’ என்று கேளுங்கள். அந்த ஒரு வரியும் ஒரு சான்றே.

இளைஞர்காள்! களவைக் கண்டுபிடிப்பது காவல்துறையின் பணி. அதனை நாம் நம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டா. கேட்பது நம் பணி. அதனை நாம் பிறர் கையில் விட்டுவிடவும் வேண்டா. இலண்டன் அறிஞர் ஒருவர் கேட்டார். சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் கேட்டார். தண்டந்தோட்டத்துக்காக ஒருவர் நாற்பத்தெட்டு ஆண்டு கழித்தும் கேட்டார். உலகின் அருங்காட்சியகங்களில் ‘தென்னிந்தியா’ என்னும் ஒற்றைச் சீட்டோடு நிற்கும் ஒவ்வொரு திருமேனிக்கும் ஓர் ஊருண்டு. அவ்வூரில் அதன் வெற்றுப் பீடமும் உண்டு. அந்தப் பீடத்தின் அருகே நின்று கேட்க வேண்டியவர் நீங்கள். இன்றிரவே உங்கள் ஊர்க் கோயிற் பட்டியலின் முதல் வரியை எழுதத் தொடங்குங்கள் என்று கேட்டு அமைகின்றேன்.